உறுதி இல்லாத சொத்து: ஆதனச் சட்டத்தில் டிஜிட்டல் சொத்தை ஆராயப் போகிறவருக்கு

ஒரே வளவை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ஜனவரியில் உறுதி, அதாவது காணி விற்ற பத்திரம், முடிந்தது. அதைப் பதியாமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இரண்டாமவருக்கு மார்ச்சில் முடிந்தது. அந்த உறுதி உடனேயே மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் ஏறிவிட்டது. வளவு யாருக்கு? 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு இதைத் தீர்க்கிறது. பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கு எதிராக, பதியாமல் கிடந்த உறுதி நிற்காது. கள்ளமோ கூட்டுச்சதியோ இருந்தது என்று காட்டினால் மட்டும் அந்த முந்துரிமை போய்விடும்.

பிட்கொயினில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஒரே நாணயத்தை ஒருவர் இரண்டு பேருக்கு அனுப்பப் பார்த்தால், எது முதலில் ஒரு பிளொக்கில் (பரிமாற்றப் பதிவுகளின் தொகுதியில்) ஏறுகிறதோ அது நிற்கும், மற்றது விழும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளொக் சேர்கிறது. 6 பிளொக் மேலே ஏறும்வரை, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், பெரிய தொகை வாங்குகிறவர் பொறுத்திருப்பது வழக்கம். வித்தியாசம் ஒன்று உண்டு. காணிப் பதிவேட்டில் கள்ளம் நடந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்; பிளொக்குகளைச் சங்கிலியாகக் கோத்த பதிவேடான பிளொக்செயினுக்குள் அப்படியொரு கதவு கிடையாது. அந்தக் கதவை வெளியிலிருந்து சட்டம் எப்படிப் போடுவது என்பதுதான் இந்த ஆய்வுத் துறையின் பாதி வேலை.

வாகரைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் காணிச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்தத் துறைக்குள் வெறுங்கையோடு வருவதில்லை. உறுதிக் காணி, பேர்மிட் காணி, ஆட்சியில் மட்டும் இருக்கும் காணி, சீதனமாகப் போன வீடு என்று ‘என்னுடையது’ என்ற சொல்லுக்கு எத்தனை தரம் உண்டென்று அவருக்கு முன்பே தெரியும். ஆனால் பல மாணவர்கள் தொழில்நுட்பத்தில் தொடங்கிச் சட்டத்துக்கு வருகிறார்கள். அது தலைகீழ். ஆதனச் சட்டத்தில் தொடங்குங்கள். பிளொக்செயினை மூன்று வாரத்தில் படித்துக்கொள்ளலாம்.

தொடவும் முடியாது, வழக்கு வைக்கவும் ஆளில்லை

உரோமச் சட்ட அறிஞர் காயஸ் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். நிலம், ஆடை, பொன் போலத் தொடக்கூடியவை ஒரு பக்கம். முதுசம், கடன் போன்ற தொட முடியாத உரிமைகள் மறுபக்கம். இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் இந்தப் பிரிவின் மேலேயே நிற்கிறது. இங்கிலாந்தில் 1885 ஆம் ஆண்டின் கொலோனியல் பேங்க் எதிர் வின்னி வழக்கில் நீதிபதி ஃப்ரை இன்னும் இறுக்கமாகச் சொன்னார்: அசையும் ஆதனம் கையில் இருக்கும் பொருளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கிட்டுப் பெறும் உரிமையாக இருக்க வேண்டும், மூன்றாவது வகை சட்டத்துக்குத் தெரியாது.

வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் இரண்டாவது வகை. வங்கி தராவிட்டால் வங்கிக்கு எதிராக வழக்கு வைக்கலாம். கொழும்புப் பங்குச் சந்தையில் 1991 இலிருந்து பங்குகள் மத்திய வைப்பு முறைமையில் கணக்குப் பதிவாக மாறத் தொடங்கின. அதிலும் பின்னால் ஒரு கம்பனி நிற்கிறது. பிட்கொயினுக்குப் பின்னால் யாரும் இல்லை. தொடவும் முடியாது, வழக்கு வைக்கவும் ஆளில்லை. இதனால்தான் அது இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்க மறுக்கிறது.

நீதிமன்றங்கள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தன என்பதை வரிசையாகப் படிக்க வேண்டும். 1965 இல் இங்கிலாந்தின் ஐன்ஸ்வொர்த் வழக்கில் வில்பர்ஃபோர்ஸ் பிரபு நான்கு அடையாளங்கள் சொன்னார்: ஆதனம் என்றால் அது வரையறுக்கத்தக்கதாக, மற்றவர்கள் இனங்காணத்தக்கதாக, கைமாறத்தக்கதாக, ஓரளவு நிலைத்திருப்பதாக இருக்க வேண்டும். 2019 இல் ஒரு காப்புறுதி நிறுவனம் கப்பமாகச் செலுத்திய பிட்கொயினைத் தேடி வந்த வழக்கில் இங்கிலாந்து மேல் நீதிமன்றம் அந்த நான்கையும் பொருத்திப் பார்த்து, அது ஆதனமே என்றது. 2020 இல் நியூசிலாந்து மேல் நீதிமன்றம், முந்தைய ஆண்டு ஊடுருவப்பட்ட கிரிப்டோப்பியா என்ற பரிமாற்றகத்தின் (டிஜிட்டல் நாணயங்களை வாங்கி விற்கும் இணையத் தளத்தின்) வழக்கில் ஒரு படி மேலே போனது: வாடிக்கையாளரின் நாணயங்களைப் பரிமாற்றகம் நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருந்தது, ஆகவே அது முறிந்தாலும் அந்த நாணயங்கள் அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகாது. இங்கிலாந்தின் சட்ட ஆணைக்குழு 2023 இல் மூன்றாவது வகையை ஏற்கச் சொன்னது. 2025 இல் பாராளுமன்றம் மிகச் சிறிய ஒரு சட்டத்தால் அதைச் செய்தது. தொடும் பொருளும் இல்லை, வழக்குரிமையும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்று ஆதனம் ஆகாமல் போகாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டு ஒக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும், பரிமாற்றகத்தில் முடங்கிய நாணயங்கள் தொடர்பான மனுவில், கிரிப்டோ நாணயம் ஆதனமே என்றது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 2019 தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது எதிர்த்தரப்பு வராத, அவசரமாகக் கேட்ட இடைக்கால விண்ணப்பம். மறுத்து வாதாட யாரும் இருக்கவில்லை. அதன் எடை அதற்கேற்ப மட்டுமே. ஆய்வுக் கட்டுரையில் இதைக் குறிப்பிடாமல் விட்டால், கவனமாகப் படிக்கும் பரீட்சகர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

எந்தச் சட்டத்தின் கீழ்?

அதைவிடப் பெரிய தவறு, இங்கிலாந்துத் தீர்ப்பை அப்படியே தூக்கி இலங்கையில் வைப்பது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் வங்கி, கூட்டுத்தாபனம் முதலிய சில துறைகளுக்கு மட்டும் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆதனத்துக்கு உரோமன் டச்சுச் சட்டம். நம்பிக்கைப் பொறுப்புக்கு 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். ஆகவே, ஒரு பரிமாற்றகத்தில் இருக்கும் நாணயம் வங்கி விவகாரமா, ஆதனமா, நம்பிக்கைப் பொறுப்பா என்று முதலில் வகைப்படுத்த வேண்டும். மூன்றுக்கும் மூன்று விடை வரலாம்.

விளைவு சின்னதல்ல. கல்முனையில் ஒருவரின் வொலட்டிலிருந்து (நாணயத்தைச் செலவிடும் இரகசியச் சாவியை வைத்திருக்கும் மென்பொருள் அல்லது கருவி) 0.05 பிட்கொயின் களவு போகிறது. அதைக் காத்தான்குடியில் ஒருவர் களவென்று தெரியாமல் காசு கொடுத்து வாங்குகிறார் என்று எடுப்போம். பிட்கொயின் ‘பொருள்’ என்றால், உரோமன் டச்சுச் சட்டத்தில் உரித்தாளர் தன் பொருளை எங்கே கண்டாலும் திரும்பக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு வாங்கியவர் பெரும்பாலும் தோற்பார். அது ‘காசு’ போன்றது என்றால் கதை மாறும். வாங்கியவரின் காசோடு கலந்த காசு அவருக்கே. களவு கொடுத்தவர் கள்ளனைத் தேடிப் போக வேண்டும். சங்கிலியின் அமைப்பு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. பிட்கொயினில் ஒரு நாணயம் இடம் மாறுவதில்லை. பழைய பதிவு செலவாகி அழிய, அதே பெறுமதிக்குப் புதிய பதிவு பிறக்கிறது. களவு போன ‘அதே பொருள்’ தான் இது என்று எதைக் காட்டிச் சொல்வது? ஒரு முதுதத்துவமாணி ஆய்வுக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

ஒப்பிட்டுப் படிக்கத் தென்னாபிரிக்காவே உகந்தது. அங்கும் உரோமன் டச்சுச் சட்டம். 1996 இல் மின்டூர் வழக்கில் மின்சாரத்தைத் திருட முடியாது, அது தொடும் பொருளல்ல என்றார்கள். 2012 இல் வெளியான ன்டெபெலே தீர்ப்பு வேறு திசையில் போய், முற்கொடுப்பனவு மின்சாரத்தின் கணக்கு வரவைக்கூடத் திருடலாம் என்றது. டிஜிட்டல் சொத்து என்ற சொல் இல்லாமலேயே நம் கேள்வியில் பாதியை அந்த இரண்டு தீர்ப்பும் தொட்டுவிட்டன. இலங்கை மாணவர்கள் இலண்டனையே பார்த்துக்கொண்டு இவற்றைத் தாண்டிப் போவது கொஞ்சம் வியப்புத்தான்.

சாவியைக் கொடுத்தால் கைமாறுமா?

உரோமன் டச்சுச் சட்டத்தில் விலை பேசி முடித்தால் மட்டும் உரித்து மாறாது, பொருளை ஒப்படைக்க வேண்டும். களஞ்சியத்தில் இருக்கும் நெல்லை விற்றால் மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. களஞ்சியத்தின் சாவியைக் கொடுத்தால் ஒப்படைத்ததாகும். பழைய உரோம விதி இது. வொலட்டுக்கும் ‘சாவி’ என்றே பெயர் வைத்துவிட்டதால், இரண்டையும் ஒன்றாக்கிவிட ஆசை வரும்.

ஒன்றல்ல. வொலட்டின் சாவியை மீட்கும் இரகசியச் சொற்கள் பொதுவாக 12 அல்லது 24; 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. அவற்றை ஒரு தாளில் எழுதி இன்னொருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவரிடமும் அது இருக்கும்: மனதில், படத்தில், இன்னொரு கொப்பியில். களஞ்சியச் சாவியைக் கொடுத்தவர் வெளியே நிற்கிறார். சொற்களைக் கொடுத்தவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். உண்மையாக ஒப்படைப்பதென்றால், வாங்குபவரின் சொந்த முகவரிக்கு நாணயத்தை அனுப்பி, அது பிளொக்கில் ஏறும்வரை பார்க்க வேண்டும். அடகுக்கும் இதே சிக்கல். நகைக்கடையில் காப்பு கைமாறுகிறது. பிட்கொயினை அடகு வைப்பதென்றால் இரண்டு கையொப்பம் சேர்ந்தால் மட்டும் திறக்கும் வொலட் போல ஏதாவது ஏற்பாடு வேண்டும். நாடுகளின் தனியார் சட்டங்களை ஒருமுகப்படுத்த உழைக்கும் யுனிட்ரொயிட் என்ற சர்வதேச அமைப்பு 2023 இல் வெளியிட்ட கோட்பாடுகள் ‘ஆட்சி’ என்ற சொல்லை விட்டுவிட்டுக் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இதுவே: தடுக்கும் வல்லமை, மாற்றும் வல்லமை, அவை தனக்கு உண்டென்று காட்டும் வல்லமை. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு சொல்லையும் குழப்பக்கூடாது. ‘ஆட்சி’ நம் காணி வழக்குகளில் பழகிய சொல். அதற்குப் பத்து வருட ஆட்சியால் வரும் உரித்துப் போன்ற சுமை முழுவதும் கூடவே வரும்.

எல்லா டிஜிட்டல் சொத்தும் பிட்கொயின் அல்ல. கிண்டிலில் வாங்கிய நூல், ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு, இவை பேர்மிட் காணிக்குக் கிட்ட வருபவை. கல்லோயாத் திட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் உள்ள அம்பாறையில் இதை விளக்கத் தேவையில்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கிடைத்த பேர்மிட்டில் விதைக்கலாம், வீடு கட்டலாம், பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம். நினைத்தபடி விற்க முடியாது. கிண்டில் நூலையும் படிக்கலாம், விற்க முடியாது. ஒப்புமை ஓரிடத்தில் முறியும். பேர்மிட் பறிபோவதற்குச் சட்டத்தில் நடைமுறை உண்டு, பிரதேச செயலகம் அறிவித்தல் கொடுத்து விசாரிக்க வேண்டும். கணக்கை மூட கம்பனிக்கு அதன் நிபந்தனைகளே போதும்.

இறந்தவரின் வொலட்

கிழக்கு மாகாணத்தில் கள ஆய்வு செய்ய மிகச் செழிப்பான பகுதி இது. மட்டக்களப்பில் ஒருகாலத்தில் தாய்வழியில் முதுசம் இறங்கிய முக்குவச் சட்டம் இருந்தது. இன்று தமிழர்களுக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே பொருந்தும்: மரண சாசனம் எழுதாமல் இறந்தவரின் ஆதனத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவருக்கு அல்லது மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம்; பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப் போல இரண்டு பங்கு. ஒரே தெருவின் இரண்டு பக்கத்தில் ஒரே மாதிரியான வொலட் இரண்டு விதமாகப் பிரியும். நடைமுறையிலோ இரு சமூகத்திலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. வீட்டை எழுதினால் ஊருக்கே தெரியும். வொலட் இருப்பது வீட்டுக்காரிக்கே தெரியாது.

மரண சாசனம் செல்லுபடியாக ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மரண சாசனத்தையும் காணி விற்பனையையும் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. ஆகவே ‘நான் போனால் எல்லாம் மகளுக்கு’ என்ற வாட்ஸ்அப் குரல்பதிவு சட்டப்படி மரண சாசனம் ஆகாது. கூகுளில் செயலற்ற கணக்குக்கு 3 முதல் 18 மாதம்வரை காலக்கெடு வைத்து ஒருவரைப் பெயர் குறிக்கலாம். பேஸ்புக்கில் நினைவுக் கணக்கைப் பார்க்க ஒருவரை வைக்கலாம். இரண்டும் தரவைக் காட்டும் ஏற்பாடுகள், உரித்தை மாற்றுவதில்லை. ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில், இறந்துபோன 15 வயது மகளின் பேஸ்புக் கணக்கு பெற்றோருக்கு முதுசமாக இறங்கும் என்றது. கடிதமும் நாட்குறிப்பும் இறங்குவது போலவே இதுவும் என்பது காரணம்.

இரகசியச் சொற்களை மரண சாசனத்துக்குள்ளேயே எழுதிவிடுவது அடிக்கடி தோன்றும் யோசனை. செய்யக்கூடாது. நொத்தாரிசும் சாட்சிகளும் பார்ப்பார்கள், பிறகு அது நீதிமன்றக் கோப்புக்குள் போகும். பார்க்கிற எவரும் அன்றிரவே எடுத்துவிடலாம். ‘இன்ன இடத்தில் மூடிய உறைக்குள் இருக்கிறது’ என்று எழுதுவதே சரி. காணிக்கு இந்தப் பயம் இல்லை. ஒரு உறுதிக்கு மூன்று படி உண்டு: மூலம் வாங்கியவரிடம், ஒன்று நொத்தாரிசின் கோவையில், துணைப்படி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளரிடம். 2004 டிசம்பர் 26 கடலலையில் உறுதி போனவர்கள் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுக்க முடிந்தது இதனால்தான். இரகசியச் சொற்களுக்குப் பதிவகம் இல்லை. தாள் நனைந்தால் முடிந்தது.

படிப்பும் வேலையும்

சட்டமாணிக்குப் பெரும்பாலும் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் போக வேண்டும். ஊரிலிருந்தே படிப்பவருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. மட்டக்களப்பில் அதற்குப் பிராந்திய நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழக வேலைக்கு முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும். தற்காலிக உதவி விரிவுரையாளர், தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் என்று ஏணி போகும். பட்டப்பின் பட்டம் இல்லாமல் நடுவிலேயே நின்றுவிடும். வெளிநாட்டில் முதுமாணி ஒரு வருடம், கலாநிதி மூன்று முதல் நான்கு. பொதுநலவாயப் புலமைப்பரிசில் இரண்டுக்கும் உண்டு. விண்ணப்பத்தில் ‘பிளொக்செயினும் சட்டமும்’ என்று தலைப்பு வைத்தால் ஓரமாகப் போய்விடும். ‘உரோமன் டச்சுச் சட்டத்தில் நல்லெண்ணக் கொள்வனவாளரும் களவு போன டிஜிட்டல் நாணயமும்’ என்று வைத்தால் வாசிப்பார்கள். அந்தத் தலைப்பை இலண்டனில் இருப்பவர் எழுத வரமாட்டார்.

தீர்ப்புகளுக்குக் காசு கட்டத் தேவையில்லை. இங்கிலாந்துக்கு பெய்லி, தென்னாபிரிக்காவுக்கு சஃப்லி, இலங்கைக்கு லோநெட், கொமன்லீ, நான்கும் இலவசம். பழைய இலங்கைத் தீர்ப்புகள் புதிய சட்ட அறிக்கைகள் தொகுதிகளில். எந்தச் சட்டத்தை எடுத்தாலும் திருத்தத்தைப் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் பின்னுரித்து வரிசையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022 இல் நீங்கியது. பழைய அட்டவணையை இன்றும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள்.

தொழில்நுட்பத்தைக் கையால் செய்து பாருங்கள், ஆனால் காசு போடாமல். மெய்நிகர் நாணயக் கொள்வனவுக்குக் கடன் அட்டை, பற்று அட்டை பாவிப்பதை மத்திய வங்கி 2021 பணிப்புரையால் தடுத்திருக்கிறது. பிட்கொயின் டெஸ்ட்நெட், எத்தீரியம் என்ற இன்னொரு பிளொக்செயினின் செப்போலியா ஆகிய சோதனை வலையமைப்புகளில் பெறுமதியற்ற நாணயம் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு வொலட் திறந்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பி, பிளொக் பார்வைத் தளத்தில் அந்தப் பரிமாற்றத்தைத் தேடிப் பாருங்கள். எந்த இடத்திலும் ஒரு பெயர் இல்லை என்பதையும், ஆனால் அந்த முகவரியின் முழு வரலாறும் எல்லோருக்கும் திறந்து கிடப்பதையும் ஒரே திரையில் காண்பீர்கள்.

கள ஆய்வின்போது அதை மறக்கக்கூடாது. ஒரு தகவலாளியின் வொலட் முகவரியை ஆய்வேட்டில் அச்சிட்டால், பெயரை மறைத்தும் பலனில்லை. அவர் எப்போது எவ்வளவு வாங்கினார், இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது முழுவதும் வெளியே வரும். முகவரியை எழுதிக்கொள்ளவே வேண்டாம். இரகசியச் சொற்கள் இருக்கும் தாளை யாராவது காட்ட வந்தால் பார்க்கவும் வேண்டாம். பின்னர் களவு போனால் சந்தேகம் உங்கள் மேல் வரும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறந்தவரையும் தரவுக்குரியவர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருப்பதால், இறந்தவர்களைப் பற்றிய நேர்காணலுக்கும் குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதத்தை வாங்கிவிடுங்கள்.

யாரிடம் பேசுவது? இணையத்தில் வேலை செய்து வெளிநாட்டுக் காசு எடுக்கும் இளைஞர்களிடம் மட்டும் போனால் ஒரு பக்கம்தான் கிடைக்கும். நொத்தாரிசுகளிடம் போங்கள். மரண சாசன வழக்கு நடத்தும் சட்டத்தரணிகளிடம் போங்கள். அவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி உண்டு: இறந்தவரின் சொத்துகளை நீதிமன்றத்துக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும்போது, அசையும் ஆதனம் என்ற தலைப்பின் கீழ் 0.05 பிட்கொயினை எப்படி எழுதுவீர்கள்? எந்தத் திகதியின் விலையில், எந்தப் பரிமாற்றகத்தின் விலையில், சாவி இல்லாவிட்டால் பெறுமதியைப் பூச்சியம் என்றா?